இன்டர்வியூ முடிந்தது... பதில் எப்போது வரும்?

பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறோம். அதற்கு ஒரு தேதி உண்டு. பிரசவத்துக்குக் கூட டாக்டரம்மா ஒரு தேதி குறித்துக் கொடுத்துவிடுகிறார். முன்னே பின்னே ஆனாலும் மனசு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தேதியே இல்லாத காத்திருப்பு ஒன்று இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கு இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்து, "சொல்லி அனுப்புகிறோம்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அது.

படித்த மகளோ, மருமகளோ, தங்கையோ இப்படிக் காத்திருக்கும் வீடுகள் இன்று நம்மிடையே அதிகம். காத்திருப்பவள் ஒருத்தி என்றாலும் வீடே சேர்ந்து காத்திருக்கிறது. நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனாலும் இந்தக் காத்திருப்பை ஒரே கூரைக்குக் கீழே இருந்து பார்த்தவள். பார்த்ததையும், அதன்பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் மற்ற சகோதரிகளுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எதற்கும் கை ஓடாத நாட்கள்

என் ஓரகத்தி கணிதத்தில் பி.எச்டி. முடித்தவள். நெட் தேர்விலும் பாஸ். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. எங்கள் ஊரில் ஒரு கல்லூரியில் வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. போன வருடம் மே மாதம் 12ஆம் தேதி, பஸ்ஸில் மூன்று மணி நேர தூரத்தில் இருக்கும் ஓர் உதவி பெறும் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்கு இன்டர்வியூ. கிடைத்தால் நிரந்தர வேலை. அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாயில் தொடங்கும். இடம் ஒன்றுதான்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கேன்க்கா. பதினைஞ்சு நாள்ல சொல்றோம்னாங்க" என்று வந்தாள்.

பதினைந்து நாள் போயிற்று. போன் இல்லை, தபால் இல்லை. இதற்கு நடுவில்தான் எல்லாம் வந்து நின்றது. குழந்தைக்கு எல்.கே.ஜி. ஃபீஸ் கட்ட மே 30 கடைசி நாள். இங்கே கட்டுவதா, வேலை வந்தால் அந்த ஊரில் சேர்ப்பதா? இப்போதிருக்கும் கல்லூரியில் அடுத்த வருடத்துக்கு ஜூன் 10க்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்கு. போதாததற்கு எங்கள் அத்தை, "அடுத்த குழந்தையைப் பத்தி எப்பம்மா யோசிக்கப் போறீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான்: "காலேஜ்லேர்ந்து தெரியட்டும்."

ஒரு கடிதம் வராததால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே தள்ளி வைக்கப்படுகிறது. இதில் கஷ்டம் வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்பது மட்டுமில்லை. எதையும் முடிவு செய்ய முடியாமல் நிற்பதுதான் பெரிய கஷ்டம்.

முடிவு அன்றைக்கே எழுதப்படுகிறது

"இன்னும் யோசிச்சிட்டிருக்காங்க போல" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் முறைப்படி அப்படியில்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2018ல் வெளியிட்ட விதிகளில், தேர்வுக் குழு கூடிய அன்றே, அல்லது கூட்டத்தின் கடைசி நாளிலேயே, தேர்வை முடித்துவிட வேண்டும் என்றிருக்கிறது. யாருக்கு என்ன மதிப்பெண், தேர்வானவர் யார், காத்திருப்போர் பட்டியலில் யார் யார் என்று வரிசைப்படி எழுதி, குழுவில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். குழுவில் நிர்வாகத் தலைவரோ அவர் பிரதிநிதியோ, முதல்வர், துறைத் தலைவர் இவர்களோடு வெளியிலிருந்து வரும் பாட நிபுணர்களும் இருப்பார்கள்.

அதாவது, அவள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முடிவு காகிதத்தில் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் கண் விழித்துக் கவலைப்பட்டாலும் ஒரு எழுத்துக்கூட மாறாது. "அந்த ஒரு கேள்விக்கு இப்படிச் சொல்லியிருக்கலாமோ" என்று இராத்திரி இரண்டு மணிக்குப் புரண்டு படுப்பதில் பிரயோஜனமே இல்லை.

பிறகு ஏன் தாமதம்? காகிதம் நடக்கிறது. நிர்வாகக் குழு ஒப்புதல் தர வேண்டும். உதவி பெறும் கல்லூரி என்றால் தகுதியைப் பல்கலைக்கழகம் சரி பார்க்க வேண்டும். சம்பளம் அரசு தருவதால் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டும். மேஜைக்கு மேஜை போய் வர நாளாகிறது. முதலிடத்தில் உள்ளவர் சேருவாரா என்று தெரிகிற வரை அடுத்தவருக்கு எதுவும் சொல்லாத கல்லூரிகளும் உண்டு. ஆகவே பதில் வராததால் "நம்மைத் தள்ளிவிட்டார்கள்" என்று அர்த்தமில்லை. "வரப்போகிறது" என்றும் அர்த்தமில்லை. மௌனத்துக்கு அர்த்தமே கிடையாது. இதைப் புரிந்துகொண்டாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

அரசுக் கல்லூரி வேலை என்றால் காத்திருப்பு இன்னும் நீளம். அதற்கு ஆள் எடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம். 2024 மார்ச் மாதத்தில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அந்த ஆகஸ்டில் நடப்பதாக இருந்த தேர்வு தள்ளிப் போயிற்று. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் கைக்குழந்தைக்காரிகளோ!

அந்தக் கேள்வி

இன்டர்வியூவில் பாடத்தைத் தவிர இன்னொரு கேள்வியும் கேட்டார்களாம். "சின்னக் குழந்தை இருக்கே, அடுத்தது எப்போ? லீவு கேப்பீங்களோ?" ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். ஆண்களிடம் இந்தக் கேள்வி போவதில்லை. காத்திருந்த நாட்களில் அவளை அதிகம் குடைந்தது இதுதான். "அதுக்கு நான் சொன்ன பதில் பிடிக்கலையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

சகோதரிகளே, ஒரு வழக்கு இருக்கிறது. நீரா மாத்தூர் என்ற பெண்மணி ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிரசவ லீவு எடுத்துத் திரும்பியபோது, மாதவிலக்கு பற்றிய விவரத்தைப் படிவத்தில் தவறாக எழுதினார் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். 1991ல் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. அப்படிப்பட்ட கேள்விகள் பெண்ணின் நாணத்துக்கும் சுயமரியாதைக்கும் இழுக்கு, படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னது. இத்தனை வருடம் கழித்தும் அதே கேள்வியை வாயால் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால், "என் குடும்ப ஏற்பாடு வகுப்பைப் பாதிக்காது சார்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வந்துவிடுங்கள். கேட்டவருக்குத்தான் அது குறை. வீட்டுக்கு வந்து நீங்கள் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

வளையலைக் கழற்றிய நேரம்

மூன்றாவது வாரம் ஒரு போன் வந்தது, என் கொழுந்தனாருக்கு. "உங்க வீட்டம்மா பேரு லிஸ்ட்ல இருக்கு. மேல கொஞ்சம் பார்க்கணும்" என்று ஒரு குரல். தொகையும் சொன்னார். பெயர் சொல்லவில்லை. அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார்கள். "பொண்ணு இத்தனை வருஷம் படிச்சது வீணாப் போகக் கூடாது" என்றார்கள். மருமகளிடம் அவர்களுக்குள்ள பிரியம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

என் ஓரகத்தி வளையலை எடுத்து அத்தை கையிலேயே போட்டுவிட்டாள். "வேணாம் அத்தை. காசு குடுத்துப் போனா, நாளைக்குப் பசங்க முன்னாடி நிமிர்ந்து நிக்க முடியாது" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இம்மாதிரி போன்கள் காத்திருக்கும் நாட்களில்தான் வரும். அந்த ஆளுக்குப் பட்டியலைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருக்கலாம். பத்து பேருக்குப் போன் செய்வார்; யாராவது ஒருவருக்குத் தானாகவே வேலை கிடைக்கும்; அது தன்னால்தான் என்பார். 2018ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பவரையும் நேரடியாகத் தண்டிக்க வழி செய்துவிட்டார்கள். கட்டாயப்படுத்தி வாங்கப்பட்டிருந்தால் 7 நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். பேசிய எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்வதே நல்லது. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

உடம்பும் காத்திருக்கிறது

முதல் வாரம் தூக்கம் போயிற்று. அப்புறம் நெஞ்செரிச்சல். பாதி சாதத்தில் எழுந்து போய் போனைப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு ஐந்து காபி.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் கேட் ஸ்வீனி என்ற உளவியல் பேராசிரியை காத்திருப்பதைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறார். வக்கீல் தேர்வு எழுதிவிட்டு நாலு மாதம் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களைத் தொடர்ந்து விசாரித்தார். கவலை ஆரம்பத்திலும் கடைசியிலும்தான் உச்சத்தில் இருக்கிறதாம், நடுவில் தணிகிறதாம். மனசைத் தேற்றிக்கொள்ள அவர்கள் செய்துபார்த்த உபாயங்கள் கவலையை அவ்வளவாகக் குறைக்கவில்லையாம். ஆனால் ஒரு ஆறுதலும் உண்டு. காத்திருக்கும்போது தவித்தவர்கள், கெட்ட செய்தி வந்தால் சீக்கிரம் அடுத்த வேலையைப் பார்த்தார்கள். நல்ல செய்தி வந்தால் அதிகம் சந்தோஷப்பட்டார்கள். ஆகவே, "ஏண்டி இப்படிக் கவலைப்படறே?" என்று கோபிக்காதீர்கள். கவலைப்படுவது பலவீனம் இல்லை.

கைகொடுப்பது எது? மனசு முழுசாக மூழ்கிப் போகிற வேலை என்கிறார்கள் அந்த ஆராய்ச்சியாளர்கள். டி.வி. பார்ப்பது போதாது, கண் அங்கே இருக்கும், மனசு போனிடம் இருக்கும். ரொம்பச் சுலபமாகவும் இருக்கக் கூடாது, ரொம்பக் கஷ்டமாகவும் இருக்கக் கூடாது. நமக்கா தெரியாது? இருபத்தொரு புள்ளி சிக்குக் கோலம் போட்டுப் பாருங்கள், ஒரு இழை தப்பினால் அத்தனையும் தப்பு. அங்கே வேறு நினைப்புக்கு இடம் ஏது? எங்கள் வீட்டுக் கணக்கு டீச்சர் அந்த மே மாதம் தினமும் வாசலில் அதைத்தான் செய்தாள். குரோஷா பின்னல், ஜாக்கெட் தையல், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது, எதுவானாலும் சரி.

சாயந்திரம் நாலு மணிக்கு மேல் காபி வேண்டாம். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். படுக்கும் அறைக்குள் போன் வரக் கூடாது. எந்தக் கல்லூரி அலுவலகமும் ராத்திரி பதினொன்றுக்கு ஆர்டர் போடுவதில்லை! தூக்கமில்லாமை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 2022ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. செலவில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

"போன் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். வந்தால் அவள் சொல்ல மாட்டாளா என்ன? அக்கறையாகத்தான் கேட்கிறோம். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு பேர் கேட்டால் ஆறு தடவை "இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உறவுக்காரர்கள் கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு, "தெரிஞ்சதும் நாங்களே சொல்றோம்" என்று சொல்லிவிடுங்கள்.

"சாமி கைவிடாது, கண்டிப்பாக் கிடைச்சிடும்" என்று சத்தியம் செய்யாதீர்கள். கிடைக்காவிட்டால் அவள் தன் ஏமாற்றத்தோடு உங்கள் ஏமாற்றத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டிவரும்.

முக்கியமானது இது: வேலை வந்தால்தான் என்று வீட்டுக் காரியங்களை நிறுத்தி வைக்காதீர்கள். நாங்கள் குழந்தைக்கு மே 30ஆம் தேதி இங்கேயே ஃபீஸ் கட்டினோம். "ஆர்டர் வந்தா அப்ப பார்த்துக்கலாம். வீட்டுல நாங்க இருக்கோம், முதல் வருஷம் குழந்தை இங்கேயே இருக்கட்டும்" என்றேன். அத்தையும் தலையை ஆட்டினார்கள். அன்றைக்கு அவள் முகம் தெளிந்தது.

காத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை

1. கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன் அலுவலகத்தில் கேளுங்கள்: பதில் எப்படி வரும்? தபாலா, ஈமெயிலா, போனா? எந்தத் தேதிக்குள்? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அலுவலக எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளைச் சரி பார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். 'வேலை உறுதியானால் தரலாம்' என்று பணிவாகச் சொல்லலாம்.

3. ஈமெயிலில் 'ஸ்பாம்' பகுதியை இரண்டு நாளைக்கு ஒரு முறை பாருங்கள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தாலும் எடுங்கள். முன்பெல்லாம் ஆர்டர் ரிஜிஸ்டர் தபாலில் வரும். 2025ல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. வீடு பூட்டியிருந்தால் யார் வாங்கி வைப்பது என்று பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

4. சொன்ன தேதிக்கு மேல் ஒரு வாரம் பொறுங்கள். பிறகு ஒரே ஒரு கடிதம். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். மே 12 அன்று கணிதத் துறை உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணலில் கலந்துகொண்டேன். முடிவு எந்நிலையில் உள்ளது என்பதைத் தெரிவித்தால், தற்போதைய பணியைப் புதுப்பிப்பது பற்றி முடிவு செய்ய உதவியாக இருக்கும். நன்றி."

இதில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. எதற்காகக் கேட்கிறோம் என்பது இருக்கிறது.

5. அதற்கும் பதில் இல்லையா? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். அரசின் நிதியில் கணிசமாக நடக்கும் தனியார் கல்லூரிகளும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் மதிப்பெண், வரிசையில் உங்கள் இடம் ஆகியவற்றைக் கேட்கலாம்.

6. கையிலிருக்கும் வேலையை விடாதீர்கள். ஆர்டர் கையில் வந்தபிறகு ராஜினாமா எழுத நேரமிருக்கும். வேறு விளம்பரம் வந்தால் அதற்கும் விண்ணப்பியுங்கள். ஒரே கிளையில் உட்கார்ந்து கொண்டிருந்தால்தான் காற்றுக்குப் பயம்.

என் ஓரகத்தி ஜூன் 3ஆம் தேதி மேலே சொன்ன கடிதத்தை அனுப்பினாள். 9ஆம் தேதி பதில் வந்தது. இரண்டே வரி. 'காத்திருப்போர் பட்டியலில் தாங்கள் முதலிடம். தேர்வானவர் இம்மாத இறுதிக்குள் சேர வேண்டும்.' படித்துவிட்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "வெளியிலேர்ந்து வந்த ஆளுங்க என்னை ரெண்டாவதா வச்சிருக்காங்கக்கா. அப்ப நான் மோசமில்ல" என்றாள். மறுநாளே பழைய கல்லூரியில் கையெழுத்துப் போட்டாள். தேர்வானவர் மாதக் கடைசியில் சேர்ந்துவிட்டார். அந்தப் பெண்ணும் எத்தனை நாள் காத்திருந்தாளோ, நன்றாக இருக்கட்டும். இவள் அடுத்த இன்டர்வியூவுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். இந்த முறை தேதி கேட்காமல் வர மாட்டாள்.

பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு

இந்தப் பத்திரிகை கல்லூரி முதல்வர்கள் வீட்டுக்கும், செயலர்கள் வீட்டுக்கும் போகும். படிக்கும் சகோதரிகள் இந்தப் பக்கத்தை அவர்கள் பார்வைக்கு வையுங்கள். வேலை ஒருவருக்குத்தான் தர முடியும், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் வந்தவர்கள் எல்லோருக்கும் பதில் தரலாமே! ஒரு ஈமெயிலுக்கோ அஞ்சலட்டைக்கோ எவ்வளவு செலவாகிவிடும்? "இல்லை" என்ற சொல் ஒரு நாள் அழ வைக்கும். மறுநாள் அடுப்பைப் பற்ற வைத்து அடுத்த வேலையைப் பார்த்துவிடலாம். சொல்லாமல் விட்டால்தான் ஒரு குடும்பமே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

காத்திருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. இத்தனை வருடம் படித்த படிப்பு உங்களிடமே இருக்கிறது. அதை எந்தக் கடிதமும் கொடுக்கப் போவதில்லை, எடுக்கப் போவதும் இல்லை. தேதியைக் கேளுங்கள், காலண்டரில் வட்டம் போடுங்கள், பிறகு உங்கள் வேலையைப் பாருங்கள். நல்ல செய்தி வரட்டும்!